பெரிய வெள்ளியில் இரைந்த காற்றாடி

என் கணவரின் தங்கை மார்த்தாவுக்கு வெட்கப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. அடுத்த வீட்டுக் கலியாணத்தில் சோறு பற்றாமற் போனால் இவள் தலையைக் குனிவாள். மன்னாரிலிருந்து வரும் பஸ் பிந்தினால், தரிப்பில் நிற்கிற பெண்களிடம் ஏதோ தான்தான் பஸ்ஸை ஓட்டி வந்தவள் போல மன்னிப்புக் கேட்பாள். பூசை நேரத்தில் யாரோ பலத்துத் தும்மினால் இவளுடைய காது இரண்டும் சிவந்துவிடும். கலியாணம் முடித்து அந்தக் குடும்பத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக எரிச்சல் வந்தது. "ஊரில உள்ள வெக்கமெல்லாம் உனக்கெண்டு ஆர் எழுதி வைச்சது?" என்று ஒருநாள் சத்தம் போட்டேன். மச்சாளைச் சத்தம் போட வைத்துவிட்டேனே என்று அதற்கும் வெட்கப்பட்டாள்.

எங்களுடையது மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலைக்கு மேற்கே உள்ள ஒரு மீன்பிடிக் கிராமம். மார்த்தா ஐஸ் கொம்பனியில் கிளாக்கர். எந்தப் படகுக்கு எவ்வளவு ஐஸ் போகிறது என்று பார்த்து ஏற்றிவிடுவது அவள் வேலை. பக்கத்து வளவில் தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள், சாப்பாடு எங்களோடு. வந்த சம்பந்தங்களில் ஒன்று அவளுக்கே பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததில் அந்த மாப்பிள்ளை வங்காலையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதையில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு கணினியைத் தன் கையால் பூட்டுவாள் என்று யார் கண்டது? சண்டை நிறுத்தம் வந்ததும் மன்னார் ரவுணில் கணினி வகுப்புகள் முளைத்தன. மார்த்தா சனிக்கிழமைகளில் போய்ப் படித்தாள். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய அப்துல் ஹமீட் என்பவர் அங்கே ஒரு கணினிக் கடை திறந்திருந்தார். அவரிடம் இன்றைக்கு ஒரு சாமான், இன்னொரு நாள் இன்னொரு சாமான் என்று வாங்கி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். மதர்போர்ட் மட்டும் புதிது அல்ல. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்ததை உறவுக்காரர் ஒருவர் மூலம் எடுப்பித்திருந்தாள். அதை என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. கழித்த சாமான் என்றால் வெட்கமாம்.

உள்ளே இருக்கிற பிறசெசர் என்ற சிப்தான் இதன் மூளை என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். அந்த மூளை தீப்பெட்டி அளவுகூட இல்லை. வேலை செய்யத் தொடங்கினால் தோசைக்கல் மாதிரிச் சுடும். சூட்டை இழுக்க அதன் தலையில் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு கட்டியும், கட்டிக்கு மேலே உள்ளங்கை அளவு காற்றாடியும் இருந்தன. பெட்டிக்குள் சூடு ஏற ஏறக் காற்றாடி வேகம் எடுக்கும். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், அது இரைந்த இரைச்சலில் எங்கள் நாய் வளவை விட்டே எழும்பிப் போனது.

வீட்டுக்குள் இரைந்தால் யாருக்கு என்ன? அதைப் பாஸ்குக்குக் கொண்டுபோனதில்தான் வினை வந்தது.

பெரிய வெள்ளியன்று பொழுது சாய்ந்ததும் கோயில் முற்றத்து மணலில் எங்கள் ஊர்ப் பாஸ்கு நடக்கும். யேசுவின் பாடுகளை ஆளுயரச் சிலைகளான சுரூபங்களை வைத்தே நாடகமாகக் காட்டுவோம். சுரூபங்களுக்குக் கயிறு பிடிப்பவர் யாகப்பர். பாட்டுத்தான் பிரச்சினையாக இருந்தது. பாடுகிறவர்களில் பாதிப்பேர் தொண்ணூறாம் ஆண்டு படகேறி இந்தியாவுக்குப் போனவர்கள். சண்டை நின்றுவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகும் எல்லாரும் திரும்பி வரவில்லை. அவர்கள் மண்டபம் அகதி முகாமில் இருந்து கசெற்றில் பாடி அனுப்பினார்கள். மார்த்தா அதைக் கணினியில் ஏற்றி, இங்கே நாங்கள் பாடியதோடு சேர்த்து, இடிமுழக்கமும் கலந்து ஒழுங்குபண்ணினாள். ஒத்திகையில் அந்தப் பாட்டைக் கேட்டபோது யாகப்பர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற அவருடைய தமையனின் குரல் இந்தப் பக்கத்துக் குரல்களுக்கு நடுவில் கேட்டது.

எங்கள் பாஸ்கில் ஒரு வழக்கம் உண்டு. சிலுவையில் சுரூபத்தின் தலை சாய்ந்ததும் சனம் முழுக்க மணலில் முழங்காலில் நிற்கும். மணி இல்லை, பாட்டு இல்லை, செபம்கூட இல்லை. அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வார்கள். இடி முழங்கினால் மௌனம் முடிந்தது என்று அர்த்தம். சண்டை தொடங்கிய பிறகு அந்த மௌனத்துக்குள் சொல்ல வேண்டிய பெயர்கள் கூடிப்போயின. வருடத்தில் வேறு எந்த நாளுக்கும் வராதவர்களும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

மேடையின் இடது மூலையோடு பாய் போடுகிறவர் லூர்தம்மா மாமி. அவருடைய ஒரே மகன் செலஸ்ரின் கடலில் வெடிபட்டுச் செத்தவன். கூடப் போனவர்கள் மீனுக்குக் கொண்டுபோன ஐஸ் பெட்டியில் வைத்து அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் படகுக்கு ஐஸ் ஏற்றிவிட்டவள் மார்த்தா. செத்த வீட்டில் ஊரே கதறியது. லூர்தம்மா மாமி மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் அவர் அழுது ஒருவரும் பார்க்கவில்லை. மார்த்தா அவரை வழியில் கண்டால் மறுபக்கம் கடந்து போய்விடுவாள். ஐஸ் கொடுத்ததில் உனக்கு என்ன வெட்கம் என்று கேட்டால் காது சிவக்க எழும்பிப் போய்விடுவாள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுப் பாஸ்குக்கு ஆமிக்காரர்கள்கூட வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். மார்த்தாவின் கணினி மேடையின் இடது மூலையில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது. காற்று அசையாத பின்னேரம். விளக்குகளின் சூடும் சேர்ந்துகொண்டது. பாட்டுப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. யாகப்பர் கயிற்றை விட்டார், தலை சாய்ந்தது, சனம் முழங்காலில் இறங்கியது, மௌனம். அந்த மௌனத்தின் நடுவில் காற்றாடி இரைந்தது. முதலில் முனகியது, பிறகு உச்சத்துக்கு ஏறியது. பதினைந்து குதிரை வலுப் படகு இஞ்சின் தூரத்தில் வருவது போல அசல் சத்தம்.

பெரிய வெள்ளியில் எங்கள் கரையில் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. அதனால்தான் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் கேட்டது:

"ஆரடா அது, இண்டைக்குக் கடலுக்குப் போறது?"

ஒருவன் சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கத்தில் தொடங்கினால் நிற்குமா? கிளுக்கென்று பெண்கள் பக்கமும் வந்தது. யேசு செத்துத் தொங்குகிறார், ஊர் சிரிக்கிறது. நான் லூர்தம்மா மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. வாயை அகலத் திறந்து ஏதோ சொன்னார். இரைச்சலிலும் சிரிப்பிலும் எனக்குக் கேட்கவில்லை. ஏசுகிறார் என்றுதான் நினைத்தேன். திரையின் விளிம்பில் நின்ற மார்த்தாவும் அதைக் கண்டாள். மகனின் செத்த வீட்டில்கூட வாயைத் திறக்காத மனுசி தன்னை ஏசுவதற்கு வாய் திறந்திருக்கிறார் என்று அவளும் நினைத்தாள்.

அதன்பிறகு அவள் பட்ட பாட்டைச் சொல்ல ஏலாது. உயிர்த்த ஞாயிறுப் பூசைக்குக் கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றாள். ஐஸ் ஏற்ற வந்த படகுக்காரர்கள் "மார்த்தாக்கா, உங்கட இஞ்சின் மண்ணெண்ணெயிலயோ பெற்றோலிலயோ ஓடுறது?" என்று பகிடி விட்டார்கள். அதற்கெல்லாம் அவள் நொந்ததை விட லூர்தம்மா மாமியின் திறந்த வாயை நினைத்துத்தான் கூடுதலாக நொந்தாள்.

"மச்சாள், அவவுக்கு வருசத்தில அந்தக் கொஞ்ச நேரம்தானே இருக்கு. அதையும் நான் கெடுத்துப்போட்டன்."

"போய் ஒரு சொல்லு மன்னிப்புக் கேளன்."

"என்னெண்டு அவவின்ர முகத்தைப் பார்ப்பன்?"

அடுத்த பாஸ்கில் லூர்தம்மா மாமிக்கு ஒரு துளி சத்தமில்லாத மௌனம் கொடுக்க வேண்டும். அதுதான் அவளுக்கு ஒரே குறியாக இருந்தது. அதற்குக் காற்றாடியை அடக்க வேண்டும்; காற்றாடியை அடக்கினால் சிப் சூடேறிக் கணினி தானாக நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடம் அல்லாடினாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். சத்தம் இன்னும் கூடக் கேட்டது. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். கடற்காற்றில் ஆணிகள் துருப்பிடித்ததுதான் மிச்சம். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு ஹமீட் நானாவின் கடைக்குப் போனாள்.

நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற ஹமீட் பொறுமைசாலி. கடைக்குள் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர் ஒரு விளம்பரத் தாளை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. சின்னக் காத்தாடி எண்டா காத்தைத் தள்ளுறதுக்குப் பேய் மாதிரிச் சுத்தவேணும். அதுதான் இரையுது. பெரிய காத்தாடி எண்டா ஆறுதலாச் சுத்தினாலே அவ்வளவு காத்தும் வரும். கீழ இருக்கிற கட்டியும் அலுமினியம் சரிவராது. செம்புக் குழாய் வைச்சதா எடுங்கோ, செம்புதான் சூட்டை டக்கெண்டு இழுக்கும். சிப்புக்கும் கட்டிக்கும் இடையில பூசின பசையும் இப்ப காஞ்சிருக்கும். அதைச் சுரண்டிப்போட்டுப் புதுசா, பயத்தங்காய் மணி அளவு மட்டும் வைக்கவேணும். கூட வைச்சாலும் பிழைதான்."

மார்த்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கொழும்பில் இருந்து எடுப்பித்துத் தருவதாக அவர் சொன்னார். பிறகு கேட்டார்:

"உங்கட மதர்போர்ட் பழைய மாதிரியோ புது மாதிரியோ? இப்ப வாற சிப்புகளுக்குச் சொக்கெற் மாறிப்போச்சு. இதின்ர நாலு காலும் எல்லாத்திலயும் பூட்டேலாது."

கடையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்த்தாவின் காது சிவந்ததைக் கண்டேன்.

"புதுசுதான் நானா," என்றாள்.

வெளியில் வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அது கழிச்ச போர்ட் எண்டெல்லோ சொன்னனீ?"

"அவ்வளவு பேருக்கு முன்னால எப்பிடி மச்சாள் சொல்லுறது? கால்தானே, எப்பிடியும் பூட்டலாம்."

பெட்டி பெரிய புதன்கிழமை வந்து சேர்ந்தது. வழியில் சோதனைச் சாவடிகளில் பிரித்துப் பிரித்துப் பார்த்து மூடியிருந்தார்கள். திறந்தால், செம்புக் குழாய்கள் வளைந்து, மேலே பெரிய விசிறியோடு, பீடத்தில் வைக்கக்கூடிய அழகு. மதர்போர்டின் மேல் வைத்தால் நாலு காலும் நாலு துளைக்கும் வெளியே நின்றன. திருப்பி வைத்தாள், சரித்து வைத்தாள், கம்பி கொண்டு கட்டப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவளுடைய முகத்தைக் கண்டு விட்டுவிட்டேன்.

"நானாட்டப் போய்ச் சொல்லு. அந்தாள் ஏதாவது வழி பண்ணும்."

"புதுசு எண்டு பொய் சொல்லிப்போட்டு இப்ப போய் என்னெண்டு நிப்பன்?"

போகவில்லை. பொழுதுபடும் மட்டும் அந்தச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. நாள் முழுக்க ஐஸுக்குள் நிற்கிறவளுக்கு வேறு எந்த யோசனை வரும்? சூட்டை அடக்க வேண்டும், சத்தம் கூடாது. ஐஸுக்கு ஏது சத்தம்? பின்னேரம், சூடு புகாத வெள்ளை நுரைத்தகட்டில் செய்த ஒரு பெரிய ரெஜிபோம் மீன் பெட்டியோடு வந்தாள். அடியிலும் பக்கங்களிலும் உடைத்த ஐஸைப் பொலித்தீன் பைகளில் கட்டி அடுக்கி, நடுவில் கணினியை இறக்கி, வயர்கள் போக ஒரு மூலையை வெட்டி, மூடியைப் போட்டாள். காற்றாடி குளிர்ந்த காற்றை இழுத்ததும் வேகத்தைக் குறைத்தது. கொஞ்ச நேரத்தில் அது சுற்றுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காதை மூடியோடு வைத்துக் கேட்டோம். ஒன்றுமில்லை.

"பெட்டி வேர்க்குமே மார்த்தா," என்றேன். மீன்காரனின் பெண்சாதி எனக்கு அது தெரியும்.

"வேர்க்கிறது வெளிப்பக்கம்தானே மச்சாள். உள்ளுக்கை ஒண்டும் இல்லை."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஐஸ் பெட்டியின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் பூத்து வடிவதைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே இருக்கிற மீன் நனைகிறதா என்று யார் யோசித்தது? மீன் நனைந்தால்தான் என்ன?

பெரிய வெள்ளி. பெட்டி எவ்வளவு கழுவியும் மீன் மணத்தது. குந்திரிக்கப் புகையில் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். பாஸ்கு தொடங்கியது. பாட்டுகள் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் வந்தன. கடலில் இருந்து ஈரக்காற்று எழும்பி, வயருக்கு வெட்டிய மூலையால் உள்ளே போய்க்கொண்டிருந்தது; அது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. யாகப்பர் கயிற்றை விட்டார். தலை சாய்ந்தது. சனம் முழங்காலில் இறங்கியது.

அப்படி ஒரு மௌனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கரையில் அலை வந்து திரும்புவது கேட்டது. முன்வரிசைப் பெண்ணொருத்தி செபமாலையை மாற்றிப் பிடித்த சத்தம்கூடக் கேட்டது. எனக்கு மார்த்தாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. என்னுடைய அப்பாவின் பெயரைச் சொன்னேன், தம்பியின் பெயரைச் சொன்னேன், செத்துப் பிறந்த என் முதற்பிள்ளைக்கு நான் மட்டும் வைத்திருந்த பெயரையும் சொன்னேன். இடி வரவில்லை. மற்ற வருடங்களில் இடி வந்து பாதியில் வெட்டிவிடும்; இந்த முறை எல்லாப் பெயரும் முடிந்தன. முடிந்த பிறகும் மௌனம் இருந்தது. என்னைச் சுற்றிலும் ஆட்கள் சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற ஆமிக்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

கடைசியில் எங்கள் பங்குச் சுவாமியாரே எழும்பி வியாகுலப் பாட்டைத் தொடங்கினார். சனம் பிடித்துக்கொண்டது. யாகப்பர் திரையை இழுத்தார்.

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். மார்த்தா பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். மூடி திறந்து கிடந்தது. மதர்போர்ட் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. பைகளில் ஒன்று வெடித்து, ஐஸ் தண்ணீர் பெட்டியின் வெட்டிய மூலையால் வழிந்து மேடையின் கீழே போயிருந்தது. தலை சாய்ந்த உடனேயே கணினி செத்துவிட்டதாம். மண்டபத்துக் குரல்கள் அந்த வருடம் கடைசிப் பாட்டைப் பாடவே இல்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ மச்சாள்," என்றாள்.

சொல்லத் தேவையே வரவில்லை. யாகப்பர் வந்து அவளுடைய தலையில் கையை வைத்தார். "பிள்ளை, இடியை அவ்வளவு நேரம் பிடிச்சு வைச்சியே, அது ஆரும் நினைக்கிற விசயமில்லை." ஊரெல்லாம் அதே பேச்சு. போன வருடம் சிரித்தவர்களே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உயிர்த்த ஞாயிறுப் பிரசங்கத்தில் சுவாமியார் பெயர் சொல்லாமல் அவளைப் புகழ்ந்தார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின. ஏச்சுக்கு வெட்கப்பட்டவளை நான் நெடுகப் பார்த்திருக்கிறேன். புகழ்ச்சிக்கு அவள் வெட்கப்பட்டதைப் போல ஒன்றை எங்கும் பார்த்ததில்லை. அவித்த முட்டை தொண்டைக்குள் நிற்பது போலக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "ஓம் எண்டு தலையை ஆட்டிப்போட்டு விடு" என்று நான் புத்தி சொன்னேன். அது எவ்வளவு கேவலமான புத்தி என்று எனக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் லூர்தம்மா மாமி எங்கள் குசினிக்குள் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. மார்த்தா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவரும் நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். அதற்கு மேல் அவளால் தாங்க ஏலவில்லை.

"மாமி, அது நான் செய்ததில்லை. மிசின் நனைஞ்சு செத்துப்போச்சு. இடி போட ஏலாமப் போச்சு. எல்லாரும் நல்லம் எண்டு சொல்ல நான் பேசாம இருந்திட்டன். உங்களுக்காகத்தான் ஐஸ் வைச்சனான். போன வருசம் உங்கட நேரத்தைக் கெடுத்ததுக்கு..." என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

லூர்தம்மா மாமி கதிரையில் வந்து இருந்தார்.

"மிசின் செத்தது எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார். "ஐஸ் தண்ணி வடிஞ்சு என்ர பாய்க்குத்தானே வந்தது. முழங்காலில நிண்டனான், சீலை நனைஞ்சு போச்சு. அதே மணம். அவனைக் கொண்டுவந்து இறக்கேக்கையும் பெட்டியில இருந்து இப்பிடித்தான் என்ர காலுக்கு வடிஞ்சது."

மார்த்தா சுவரோடு அப்படியே கீழே இருந்துவிட்டாள்.

"எல்லாரும் பேர் சொல்லிச்சினம். நான் சொல்லேல்லை. எனக்கு மற்றவை மாதிரி வாய்க்குள்ள சொல்லத் தெரியாது. வாயைத் திறந்தா அலறித்தான் வரும். அவ்வளவு அமைதிக்குள்ள எப்பிடித் திறக்கிறது? இறுக்கி மூடிக்கொண்டு நிண்டனான்."

கதிரையை விட்டு எழும்பினார். வாசலுக்குப் போனவர் நின்று, மார்த்தாவைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"போன வருசம்தான் அவனைக் கூப்பிட்டனான். உன்ர மிசின் இரைஞ்சதெல்லோ, அவன்ர படகு கரைக்கு வாற சத்தம் மாதிரியே இருந்தது. சத்தமாக் கூப்பிட்டன். ஒருத்தருக்கும் கேக்கேல்லை. அண்டைக்கு வீட்டை போய் நல்லா நித்திரை கொண்டனான்."

அவர் போன பிறகு மார்த்தா கையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். சிரித்த ஊருக்காகத் தான் ஒரு வருடம் தலைகுனிந்து திரிந்ததையும், அந்தத் தலைகுனிவைப் போக்கப் போய் யாருக்காகச் செய்தாளோ அவருடைய வாயையே அடைத்ததையும் அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். இந்த முறை அவளுடைய வெட்கத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த வாரமே ஹமீட் நானாவிடம் போய்ப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டு, "அதுக்கு இவ்வளவு நாள் பிந்தினீங்களே தங்கச்சி" என்றார். புது மாதிரி மதர்போர்ட்டும் சிப்பும் அவரே தேடிக் கொடுத்தார். செம்புக் கட்டியின் நாலு காலும் அதில் கச்சிதமாக உட்கார்ந்தன. பெரிய விசிறி ஆறுதலாகச் சுற்றியது. சித்திரை வெயிலிலும் அந்தக் கணினி மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்கள் நாய் அதற்குக் கீழே வந்து படுத்தது. அவள் ஆசைப்பட்ட சாமான் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஆறில் பாஸ்கு நடக்குமா என்றே சந்தேகமாக இருந்தது. சமாதானம் பெயருக்குத்தான் இருந்தது. வீதியில் சோதனைகள் கூடிவிட்டன, சிலர் திரும்பவும் படகேறத் தொடங்கிவிட்டார்கள். நடத்தத்தான் வேண்டும் என்று யாகப்பர் பிடிவாதமாக நின்றார். "போன வருசம் மாதிரி அமைதி வேணும் பிள்ளை" என்று மார்த்தாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய வெள்ளி காலையில் மார்த்தா எங்கள் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். செம்புக் கட்டியைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை வைத்து, புதுச் சிப்போடு வந்த சின்னக் காற்றாடியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் உள்ளங்கை அளவுதான். போட்டுப் பார்த்தாள். பழையதை விட மோசமாக இரைந்தது.

"யோசிச்சுத்தான் செய்யிறியோ?" என்றேன்.

"ஓம்," என்றாள். காது அப்போதே சிவந்துவிட்டது.

தலை சாய்ந்தது. சனம் முழங்காலில் இறங்கியது. காற்றாடி முனகி, எழும்பி, உச்சத்துக்குப் போனது. பின்வரிசையில் ஒருவன் இதற்காகவே இரண்டு வருடம் காத்திருந்தவன் போலச் சொன்னான்: "மார்த்தாக்கா கடலுக்கு வெளிக்கிட்டா!" சிரிப்பு வந்தது. சுவாமியார் திரும்பி முறைத்தார். யாகப்பர் திரைக்குப் பின்னால் இருந்து நிப்பாட்டு, நிப்பாட்டு என்று கையைக் காட்டினார். மார்த்தா நிப்பாட்டவில்லை. திரையின் விளிம்பில் ஊர் முழுக்கப் பார்க்கக்கூடிய இடத்தில், தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கையைக் கணினிப் பெட்டியின் மேல் வைத்தபடி நின்றாள். முகம் நெருப்பாக எரிந்தது. இடியையும் அவள் போடவில்லை. பிடித்து வைத்திருந்தாள்.

எனக்குப் பக்கத்தில் லூர்தம்மா மாமி நிமிர்ந்தார். வாயை அகலத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தன. மாமி இப்போது உயிரோடு இல்லை. மார்த்தா ஏன் அப்படிச் செய்தாள் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது, அவளை இன்றும் இஞ்சின் மார்த்தா என்றுதான் சொல்கிறார்கள். அன்றைக்கு மாமி எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய தோளோடு தோள் ஒட்டி நின்ற எனக்கே ஒரு சொல்லும் கேட்கவில்லை.